மேலதிக நிதியைப் பிள்ளைகளிடம் கொண்டுசேர்த்தவர்களுக்கு நன்றி

அன்புக்கும் மதிப்புக்கும் உரிய அதிபர், ஆசிரியர்கள், அலுவலகத்தினர், நிருவாகக் குழுவினர் மற்றும் எமது சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைப் பெரியோருக்கு,

வடமேற்கு இலண்டனில் உள்ள உங்கள் ஆரம்பப் பாடசாலையில் வரவேற்பு வகுப்பு எனப்படும் தொடக்க வகுப்பிலிருந்து படித்த என் மகள், இந்த ஜூலையில் ஆறாம் ஆண்டை முடித்து விடைபெறுகிறாள். பாடசாலைக்கு ஆங்கிலத்தில் ஒரு சிறு கடிதம் கொடுத்திருக்கிறேன். ஆயினும் எங்களுக்கு உதவியவர்களில் தமிழரும் பலர் என்பதாலும், எங்களுக்குக் கிடைத்த ஆதரவு கிடைக்க வேண்டிய தமிழ்க் குடும்பங்கள் இன்னும் பல இந்நகரில் இருப்பதாலும், இந்த நன்றியைத் தமிழில் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

வறுமைப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளின் கல்விக்கென இங்கிலாந்தின் அரசுப் பாடசாலைகளுக்குப் ‘பியூப்பில் பிரீமியம்’ என்ற மேலதிக நிதி 2011 ஏப்ரல் முதல் வழங்கப்பட்டு வருகிறது. இலவச மதிய உணவுக்குத் தகுதி பெற்றதாகக் கடந்த ஆறு ஆண்டுகளில் ஒருமுறையேனும் பதிவான ஒவ்வொரு பிள்ளைக்கும் 2025-26 நிதியாண்டில் ஆரம்பப் பாடசாலைக்கு 1,515 பவுணும் இடைநிலைப் பாடசாலைக்கு 1,075 பவுணும் நிர்ணயிக்கப்பட்டன. பணம் பாடசாலைக்குத்தான் வருகிறது, பெற்றோரின் கைக்கு வருவதில்லை. ஆனால் அது வருவதும் வராததும் பெற்றோர் போடும் ஒரு பதிவில் தங்கியிருக்கிறது. என் முதல் நன்றி அந்தப் பதிவைப் போட வைத்தவர்களுக்கே உரியது.

2021 கோடையில் என் கணவர் வேலை செய்த கடை மூடப்பட்டது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசு தரும் யூனிவர்சல் கிரெடிட் உதவியில் நாட்களை ஓட்டிக்கொண்டிருந்தோம். செப்டெம்பரில் மகள் மூன்றாம் ஆண்டுக்குச் சென்றதும் மதிய உணவுக்குப் பணம் கட்டும்படி அறிவித்தல் வந்தது. வரவேற்பு வகுப்பு, முதலாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டு ஆகிய முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளுக்கு 2014 முதல் வருமானம் பாராமல் உணவு இலவசம் என்பதால், அதுவரை எவரும் எங்களிடம் எந்தப் படிவமும் கேட்கவில்லை. தவணை முறையில் கட்டலாமா என்று கேட்பதற்காக அலுவலகத்துக்குச் சென்றேன். அங்கிருந்த அம்மையார் என் பேச்சை முழுதாகக் கேட்டார். பிறகு பக்கத்திலிருந்த சிறு அறைக்கு அழைத்துச் சென்று கதவைச் சாத்தினார். பெற்றோரின் பெயர், பிறந்த தேதி, தேசிய காப்புறுதி இலக்கம் ஆகிய மூன்றும் போதும், உள்ளூராட்சி மன்றமான கவுன்சில் அதைச் சரிபார்த்துக்கொள்ளும் என்று விளக்கினார். வரவேற்பு வகுப்பில் அப்போதுதான் சேர்ந்திருந்த மகனையும் பதியச் சொன்னார். அவனுக்குச் சாப்பாடு எப்படியும் இலவசந்தானே என்று நான் தயங்கியபோது, “சாப்பாடு அவனுக்கு, பதிவு பாடசாலைக்கு” என்று சொல்லி, ஒக்டோபரில் எடுக்கப்படும் பாடசாலைக் கணக்கெடுப்புக்கு முன்னர் பெயர் ஏறிவிட வேண்டும் என்பதை நாட்காட்டியில் விரல் வைத்துக் காட்டினார். அவர் அப்படி இருத்தி விளக்கியிராவிட்டால் மகனுக்கு உரிய தொகை மூன்று ஆண்டுகள் பாடசாலைக்கு வந்தே இராது.

படிவத்தைக் கண்டதும் என் கணவர் மறுத்துவிட்டார். அரசாங்கத்திடம் கையேந்தும் குடும்பம் என்று பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் எழுதப்படும், நாளைக்கு அது அவர்களின் வழியில் நிற்கும் என்று அஞ்சினார். எம்மவரிடையே இந்த அச்சம் பரவலாக உண்டு. அதை மாற்றியவர் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் படிப்பிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். வீட்டுக்கு வந்து தேநீர் குடித்தபடி, யாருக்கு இந்த நிதி வருகிறது என்பது வகுப்பிலுள்ள மற்றப் பிள்ளைகளுக்குத் தெரிய வராது என்பதையும், இது குடிவரவு விண்ணப்பத்துடன் தொடர்பில்லாதது என்பதையும் பொறுமையாக எடுத்துச் சொன்னார். தம்பி, நீர் இவ்வளவு காலம் கட்டிய வரியில் உம்முடைய பிள்ளைக்கு வருகிற பங்கு இது என்று அவர் சொன்ன பிறகே கணவர் பேனையை எடுத்தார். மாஸ்டர், உங்களுக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது.

பணம் வந்த பின்னர் அது எப்படிச் செலவாகிறது என்பதைப் பெற்றோருக்கு விளங்க வைத்தவர் உப அதிபர். ஒவ்வொரு பாடசாலையும் இந்நிதியைப் பயன்படுத்தும் திட்டத்தை ஆண்டுதோறும் டிசம்பர் 31க்குள் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். அந்த ஆவணத்தை அச்செடுத்து, தமிழ் தெரிந்த தாய் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, எங்களில் சிலருக்குப் பக்கம் பக்கமாக வாசித்துக் காட்டினார். என் பிள்ளைக்கு வந்த பணத்தில் அவளுக்குச் சப்பாத்து வாங்கித் தரலாமே என்று ஒரு தாய் கேட்டார். உப அதிபர் முகம் கோணாமல் பதில் சொன்னார்: தேவையென்றால் அதையும் செய்வோம், ஆனால் வகுப்பில் தினமும் நடக்கும் கற்பித்தல் நன்றாக இருந்தால்தான் பின்தங்கிய பிள்ளை முன்னுக்கு வரும் என்பதால், முதற்பங்கை ஆசிரியர்களின் பயிற்சிக்கு ஒதுக்கியிருக்கிறோம், அடுத்தது சிறு குழுக்களாக வைத்துப் படிப்பிப்பதற்கு, பின்னர் வரவு, காலை உணவு, மனநலம் போன்றவற்றுக்கு. இந்த ஒழுங்கு எனக்குச் சரியாகவே பட்டது. கையில் கிடைக்கும் பொருள் கண்ணுக்குத் தெரியும், நல்ல படிப்பு உடனே தெரியாது. தெரியாத ஒன்றுக்குச் செலவிட்டுவிட்டு அதைப் பெற்றோருக்குப் பொறுப்புடன் விளக்குவது எளிதான வேலையன்று.

அந்த நல்ல படிப்பை என் மகளிடம் கொண்டுசென்றவர் வாசிப்புக்குப் பொறுப்பான உதவி ஆசிரியை. 2020 இலும் 2021 தொடக்கத்திலும் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த மாதங்களில், வீட்டில் எங்கள் ஒரே கைபேசியில் பாடம் பார்த்த அவள் ஆங்கில வாசிப்பில் மிகவும் பின்தங்கிவிட்டாள். மூன்றாம் ஆண்டில், நூலக மூலையில் இருந்த மேசையைச் சுற்றி மூன்று பிள்ளைகளை அமர்த்தி இந்த ஆசிரியை வாசிப்பித்ததைப் பெற்றோர் நாளொன்றில் அருகில் இருந்து பார்த்தேன். நீண்ட சொல்லொன்றில் மகள் தடுக்கியபோது அவர் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு சிறு அட்டையால் சொல்லின் பின்பாதியை மறைத்தார். முன்பாதியை அவள் ஒலித்ததும் அட்டையை மெல்ல நகர்த்தினார். முழுச் சொல்லும் வாயில் வந்ததும் வசனத்தைத் தொடக்கத்திலிருந்து மறுபடி வாசிக்கச் செய்தார். எவ்வளவு நேரம் எடுத்தாலும் காத்திருந்தார். அந்தக் காத்திருப்பை என் பிள்ளை வேறெங்கும் பெற்றிருக்க மாட்டாள். ஐந்தாம் ஆண்டில் அவள் தம்பிக்குப் படுக்கையில் கதை வாசித்துக் காட்டத் தொடங்கியதற்குக் காரணம் அவரே.

மடிக்கணினியை இரவல் தந்தவர்கள், காலை உணவு நேரத்தில் பாணும் பழமும் பரிமாறிய தன்னார்வலர்கள், வயலின் வகுப்புக் கட்டணத்தைக் குறைத்துத் தந்தவர்கள் அனைவருக்கும் என் நன்றி. ஆறாம் ஆண்டு வெளியூர்ப் பயணத்தைப் பற்றி மட்டும் சற்றுக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். எல்லாப் பிள்ளைகளின் பையிலும் ஒரே கடிதம்தான் வந்தது. எங்களுக்கான சலுகை தனியாகத் தொலைபேசியில் சொல்லப்பட்டது. யார் எவ்வளவு கட்டினார்கள் என்பது பிள்ளைகளுக்குக் கடைசிவரை தெரியாது. உதவியைப் பெறும் பிள்ளை தலைகுனியாமல் அதைப் பெற வேண்டும் என்று யோசித்து இந்த ஏற்பாட்டைச் செய்தவர் யாரோ, அவருக்கு ஒரு தாயின் தனி வணக்கம்.

நிருவாகக் குழுவில் ஊதியமின்றிப் பணியாற்றும் கவர்னர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். ஆரம்பப் பாடசாலைகளுக்கான தொகை 2015 முதல் 2020 வரை 1,320 பவுணாகவே நின்றது. சம்பளமும் விலைவாசியும் அப்படி நிற்கவில்லை. பொதுச் செலவில் விழும் பள்ளத்தை நிரப்பவும் இந்நிதி எடுக்கப்படுவதாகப் பாடசாலைத் தலைவர்களே கல்வியில் சமவாய்ப்புக்காக இயங்கும் சட்டன் டிரஸ்ட் அமைப்பின் கருத்துக்கணிப்புகளில் கூறியிருக்கிறார்கள். அந்த நெருக்கடியிலும், இந்தப் பணம் எந்தப் பிள்ளைக்கு என்ன பயன் தந்தது என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேள்வி கேட்டவர்கள் நீங்கள்.

2023 செப்டெம்பர் முதல் இலண்டனின் அரசு ஆரம்பப் பாடசாலைகளில் எல்லா வகுப்புக்கும் மதிய உணவு இலவசமாகிவிட்டது. வரவேற்கத்தக்க திட்டம். ஆனால் உணவு தானாகவே கிடைப்பதால், படிவம் எதற்கு என்று தகுதியுள்ள பெற்றோர் விட்டுவிடும் ஆபத்து முன்னைவிடக் கூடியிருக்கிறது. சில கவுன்சில்கள் தாமாகவே பெயர்களைப் பதிகின்றன. எல்லாம் அப்படிச் செய்வதில்லை. ஆகவே மாஸ்டரின் சம்மதத்துடன், செப்டெம்பரில் வரும் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பாடசாலை மண்டப வாசலில் நானும் என் கணவரும் ஒரு மேசை போட்டு இருப்போம். தேசிய காப்புறுதி இலக்கத்துடன் வாருங்கள். கதவைச் சாத்திக்கொண்டு பேசுவதற்கு உள்ளே ஓர் அறையும் கேட்டு வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
என்றும் நன்றியுடன்,
ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தாய்
வடமேற்கு இலண்டன், ஜூலை 2025