மறுபடியும் டிஸ்கஸ்: நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு கைத்தடி இல்லாமலேயே மாடி ஏறுகிறாய் என்று படித்ததும் மனசு லேசானது. வலி குறைந்துவிட்டதே என்று பிசியோதெரபியை நடுவில் விட்டுவிடாதே. கவிதாவுக்கு வேலை உறுதியான செய்தியை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். அவளிடம் எங்கள் வாழ்த்தைச் சொல்.

நான் சொல்ல வேண்டிய பெரிய செய்தி ஒன்றுதான். தட்டு போல் வட்டமாக இருக்குமே அந்த அமேசான் மீன், டிஸ்கஸ், அதை மறுபடியும் வளர்க்கிறேன். அதுவும் செடித் தொட்டியில், தண்ணீருக்குள் செடி நட்ட மீன் தொட்டியில்!

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். நம் பழைய சண்டையே இதில்தானே. நீ செடிக்காரன், தண்ணீர் இருபத்தைந்து டிகிரியைத் தாண்டினால் உனக்குத் தூக்கம் வராது. நான் மீன்காரன், மணல் கூட இல்லாத வெறும் கண்ணாடித் தொட்டியில் டிஸ்கஸ் குஞ்சுகளை வளர்த்தேன். ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கிறது என்று நீ சொல்வாய். மீன் நன்றாக வளர்கிறதா இல்லையா, அதைப் பார் என்பேன் நான். அப்புறம் வேலை, இடமாற்றம், பிள்ளைகளின் படிப்பு என்று வந்தபோது தொட்டியைக் கொடுத்துவிட்டேன். தினமும் தண்ணீர் மாற்ற ஆள் இல்லாத வீட்டில் டிஸ்கஸை வைத்திருக்கக் கூடாது. இப்போது நேரம் இருக்கிறது. கூடத்தில் ஒரு சுவர் முழுக்க இடமும் இருக்கிறது.

இந்த முறை முதலில் யோசித்தது மீனின் சொந்த ஊரைப் பற்றி. அமேசான் படுகையில் டிஸ்கஸ் வாழும் இடங்களில் நம் தொட்டிகளில் இருப்பதுபோல் நீருக்கடியில் பச்சைத் தோட்டம் பெரும்பாலும் கிடையாது. ஏரிக் கரைகளிலும் ஓட்டம் குறைந்த கிளையாறுகளிலும் தண்ணீருக்குள் விழுந்து கிடக்கும் மரக் கிளைகளின் இடுக்குதான் அதன் வீடு. மேலே நிழல், கீழே இலைச் சருகு. ரியோ நெக்ரோ ஆற்றுப் பக்கம் போனால் தண்ணீரே தேயிலைச் சாயம் போல் கறுத்திருக்கும். யோஹான் நாட்டரர் பிரேசிலில் சேகரித்த மீன்களை வைத்து 1840-இல் ஆஸ்திரிய விலங்கியலாளர் ஹெக்கல் முதன்முதலில் விவரித்த டிஸ்கஸும் அந்தக் கறுப்புத் தண்ணீர் மீன்தான். உடம்பில் இருக்கும் ஒன்பது பட்டைகளில் முதலாவதும் ஐந்தாவதும் ஒன்பதாவதும் தடித்துத் தெரியுமே, அதேதான்.

ஆக, செடி வேண்டும் என்று கேட்பது மீன் இல்லை, நாம்தான். மீனுக்கு வேண்டியது நிழலும், மறைந்துகொள்ள இடமும், சூடான சுத்தமான தண்ணீரும். அந்த நிழலையும் மறைவையும் செடியால் கொடுக்க முடிந்தால் இரண்டு பேருக்கும் சண்டையே இல்லை. வெப்பநிலையை மீன் முடிவு செய்யட்டும், அதில் வாழக்கூடிய செடி எதுவோ அது உள்ளே வரட்டும். என் திட்டம் மொத்தமும் இவ்வளவுதான். டிஸ்கஸும் செடியும் ஒத்துவராது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் முதலில் செடியைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அப்புறம் மீனை அதற்குள் இறக்கிப் பார்த்தவர்கள்.

தொட்டி ஐந்தடி நீளம், இரண்டடி உயரம். டிஸ்கஸுக்கு உயரம் முக்கியம் என்பது உனக்கே தெரியும். வளர்ந்த மீன் ஒன்றுக்கு நாற்பது லிட்டர் என்ற பழைய கணக்கை விட்டுக்கொடுக்கவில்லை. மீன் எட்டுதான். தண்ணீர் 29 டிகிரி. இந்தச் சூட்டில் தாக்குப்பிடிப்பவை என்று நான் நம்பும் செடிகள் அமேசான் ஸ்வார்ட், வாலிஸ்னேரியா, அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன் வென்ட்டி. தரையில் புல்வெளி போல் படரும் உன் செல்லச் செடிகளைத் தொடவே இல்லை. அவை கேட்கும் வெளிச்சமும் கார்பன் டை ஆக்சைடும் குளிர்ச்சியும் இந்த மீனுக்குப் பகை.

அடியில் மணல் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். கனமாகப் போட்டால் தின்று மிஞ்சியது உள்ளே இறங்கி அழுகும். சுத்தம் செய்யப் போனால் வேரைப் பிடுங்க வேண்டிவரும். ஆனால் ஸ்வார்ட் வேரால் தின்கிற செடி ஆயிற்றே. அதனால் ஸ்வார்ட்களை மண் சட்டிகளில் நட்டு, வேருக்குப் பக்கத்தில் உர மாத்திரை புதைத்து, டிரிஃப்ட்வுட் மரக்கட்டைக்குப் பின்னால் வைத்துவிட்டேன். முன்னால் இருந்து பார்த்தால் சட்டி தெரியாது. தேவைப்பட்டால் செடியை அப்படியே தூக்கி வெளியே வைத்துவிட்டு அடியை உறிஞ்சி எடுக்கலாம். அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் மரத்தில் கட்டியிருப்பதால் அவற்றுக்கு மண்ணே வேண்டாம். இந்த ஏற்பாடு உனக்கும் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

செடி வளரக் கார்பன் டை ஆக்சைடு கொடுக்கிறாயா என்று கட்டாயம் கேட்பாய். இல்லை. யோசித்துத்தான் விட்டேன். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 8.2 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் அது 7.5 ஆகிவிடும். சூடு ஏற ஏற மீனின் உடம்பு கேட்கும் ஆக்சிஜனோ கூடுகிறது. இரவில் செடியும் அதே ஆக்சிஜனைத்தான் எடுக்கிறது. இந்த நிலையில் தண்ணீரின் மேற்பரப்பு எப்போதும் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். அப்படி அசைந்தால் நாம் செலுத்தும் கார்பன் டை ஆக்சைடு பாதி காற்றில்தான் போகும். மெதுவாக வளரும் செடிகளே போதும் என்று முடிவெடுத்தபின் அந்தத் தலைவலியே இல்லை. தொட்டிக்கு வெளியே இருக்கும் கேனிஸ்டர் ஃபில்டர் தண்ணீரை நீளமான துளைக் குழாய் வழியாகப் பரப்பி விடுகிறது. மேலே சலசலப்பு, கீழே அமைதி. டிஸ்கஸ் எதிர்நீச்சல் போடும் மீன் இல்லையே.

செடி செய்யும் இன்னொரு வேலையை நீ அப்போதே சொல்வாய், நான் காதில் வாங்கியதில்லை. மீன் வெளியிடும் அம்மோனியத்தை ஃபில்டரில் இருக்கும் பாக்டீரியாவோடு போட்டி போட்டுக்கொண்டு செடி நேரடியாகவே எடுத்துக்கொள்கிறது. அதனால் கழிவு மாறி நைட்ரேட்டாகத் தண்ணீரில் ஏறும் வேகம் நன்றாகவே குறைகிறது. அதற்காகத் தண்ணீர் மாற்றுவதை விட்டுவிடவில்லை. வாரத்தில் இரண்டு முறை மூன்றில் ஒரு பங்கு மாற்றுகிறேன். குழாய்த் தண்ணீரில் குளோரின் நீக்கி, ஆர்.ஓ. தண்ணீர் கலந்து, சூட்டைச் சமப்படுத்தி ஊற்றுகிறேன். தண்ணீரின் அமில-கார அளவான பி.எச். 7-ஐ ஒட்டி நிற்கிறது. அதை 6-க்கு இழுத்து வரும் ஆசை எனக்கு இல்லை. தொட்டியிலேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகிய மீனுக்கு எந்த எண் என்பதைவிட அந்த எண் ஆடாமல் நிற்பதுதான் பெரிது.

சரி, மீனுக்கு வருகிறேன். நீயும் மறுபடி ஆரம்பிக்கலாமா என்று எழுதியிருக்கிறாய். ஆரம்பித்தால் ஒன்றை மட்டும் கேள்: செடித் தொட்டிக்குக் குஞ்சு வாங்காதே. ரூபாய் நாணயம் அளவு குஞ்சு நாளைக்கு ஐந்தாறு வேளை தின்றாக வேண்டும். தின்றால் தண்ணீர் கெடும். கெட்டால் தினமும் பாதித் தண்ணீரை மாற்ற வேண்டும். செடியும் மணலும் இருக்கிற இடத்தில் அது நடக்காத காரியம். அந்த வயதில் வளர்ச்சி தடைபட்டால் பிறகு எவ்வளவு போட்டாலும் ஈடுகட்ட முடியாது. உடம்பு சின்னதாகவும் கண் மட்டும் பெரிதாகவும் நின்றுவிடும். குஞ்சை வளர்க்க ஆசையிருந்தால் அதற்கு அந்த ஆஸ்பத்திரி வார்டுதான் சரியான இடம். செடித் தொட்டிக்கு ஐந்து அங்குலத்தைத் தொட்ட மீனாக, ஒரே இடத்தில் வளர்ந்த கூட்டமாக வாங்கு. ஆறுக்குக் குறைய வேண்டாம். இரண்டு மூன்று மட்டும் இருந்தால் பெரியது சின்னதை மூலையில் அடைத்துவிடும். கூட்டமாக இருந்தால் அந்த அதிகாரம் எல்லோர் மேலும் பிரிந்து விழும்.

வாங்கும்போது கண்ணைப் பார், செவுளைப் பார், கழிவைப் பார். ஒரு பக்கச் செவுளை மட்டும் ஆட்டி மூச்சுவிடும் மீனிடம் செவுள் புழு இருக்க வாய்ப்பு அதிகம். வெள்ளையாக நூல் போல் கழிவு தொங்கினால் குடலில் கோளாறு. எந்த மீனாக இருந்தாலும் ஒரு மாதமாவது தனித் தொட்டியில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும். மருந்து கொடுப்பதென்றாலும் அங்கேயே முடித்துவிடலாம். செடித் தொட்டிக்குள் மருந்து ஊற்றுவது எனக்கு உடன்பாடில்லை. ஏஞ்சல் மீனைச் சேர்க்கலாமா என்று கேட்டாய். வேண்டாம். டிஸ்கஸ் யோசித்து ஒரு வாய் எடுப்பதற்குள் ஏஞ்சல் நாலு வாய் தின்றிருக்கும். தனக்கு ஒன்றும் செய்யாத ஒட்டுண்ணியை டிஸ்கஸுக்குக் கொடுத்துவிடவும் கூடும். கார்டினல் டெட்ரா, ஸ்டெர்பாய் கோரிடோரஸ் என்ற சின்ன மீன்கள் இரண்டும் இந்தச் சூட்டில் சுகமாக இருக்கும். என் தொட்டியில் அவை இரண்டும்தான்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பிஜன் பிளட் வகையின் சிவப்பு உனக்குப் பிடிக்கும் என்று தெரியும். ஆனால் அந்த வகை மீனுக்கு மிளகுத்தூள் தூவியது போல் உடம்பில் கறுப்புப் புள்ளி எழும். மரமும் செடியும் சேர்ந்து தொட்டி இருட்டாக இருந்தால் அது இன்னும் கூடிவிடும். அதனால் நான் பழைய டர்க்காய்ஸ் மீன்களையே எடுத்தேன். பச்சைக்கு நடுவில் அந்த நீலக் கோடுகள் நிற்பதை நீ நேரில்தான் பார்க்க வேண்டும்.

உணவில் மட்டும் பழைய என்னை விட்டு நகர்ந்துவிட்டேன். மாட்டு இதயம் அரைத்துப் போடுவதில்லை. வளரும் குஞ்சுக்கு அது சரிதான். மணலும் செடியும் இருக்கும் தொட்டியில் அதன் துகள்கள் எங்கெங்கோ போய் ஒளிந்து தண்ணீரை நாற அடித்துவிடும். நல்ல குருணைத் தீனி, உறைய வைத்த ரத்தப்புழு, அவ்வளவுதான். தீனி மணலில் விழுந்தால் மீன் தலையைக் கீழே சாய்த்து, வாயிலிருந்து தண்ணீரை 'ஃபூ' என்று பீய்ச்சி மணலைக் கிளறும். குட்டிக் குழி விழும், புழு மேலே வரும், கவ்விக்கொள்ளும். வெறும் கண்ணாடித் தரையில் நான் இதைப் பார்த்ததே கிடையாது.

காலையில் விளக்கைச் சட்டென்று போடக் கூடாது. மிரண்டு போய்க் கண்ணாடியில் மோதும். இப்போதைய எல்.இ.டி.யில் வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற முடிகிறது. நாம் வளர்த்த காலத்தில் இந்த வசதி எங்கே இருந்தது! இருட்டில் பட்டைகள் கறுத்துப்போய் நிற்கும் மீன்கள், வெளிச்சம் ஏற ஏற ஒவ்வொன்றாகத் தெளியும். நான் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன்.

போன மாதம் அவற்றில் இரண்டு மீன்கள் ஜோடி சேர்ந்துவிட்டன. ஸ்வார்ட் இலை ஒன்றை இரண்டும் மாறி மாறி வாயால் கொத்திச் சுத்தம் செய்தன. உடம்பு நடுங்குவது போல் ஒரு உதறல், பெண் கீழிருந்து மேலே போகும், பின்னாலேயே ஆண். இலை முழுக்க வரிசையாக முட்டை. எல்லா மீனும் இருக்கிற தொட்டியில் அவை தப்பவில்லை. மூன்றாம் நாள் இலை காலியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஜோடியை நான் விடப்போவதில்லை. தனித் தொட்டிக்கு ஏற்பாடு நடக்கிறது. அங்கே மட்டும் ஆர்.ஓ. தண்ணீரைக் கூட்டி மென்மையாக்க வேண்டும், கடினத் தண்ணீரில் முட்டை சரியாகக் கருத்தரிக்காது.

குஞ்சுகள் தாய் தகப்பன் உடம்பில் ஊறும் சளியைத் தின்று வளர்வதை நாம் இரண்டு பேரும் மணிக்கணக்கில் பார்த்திருக்கிறோம். பிளிமத் பல்கலைக்கழகத்துக்காரர்கள் இதை ஆராய்ந்து 2010-இல் வெளியிட்டிருக்கிறார்கள். முட்டையிட்டதுமே பெற்றோரின் சளியில் புரதமும் நோயெதிர்ப்புப் பொருளும் கூடிவிடுகின்றனவாம். தாய் மட்டுமல்ல, தகப்பனும் அப்படித்தான். மூன்றாவது வாரத்திலிருந்து இரண்டும் குஞ்சுகளை விட்டு விலகி விலகி நீந்தித் தாமாகவே பால்குடி மறக்கச் செய்வது போல் செய்கின்றன. குஞ்சுகள் துரத்த, பெரியவை நழுவி ஓடும் அந்த நாட்களை நினைத்துப் பார். அலுத்துப்போய் ஓடுகின்றன என்றல்லவா நாம் நினைத்தோம்?

இனி உன்னிடம் ஒரு வேலை. தொட்டியின் இடது மூலையில் மரத்தின் நிழல் அதிகம். அங்கே வைத்த வாலிஸ்னேரியா வெளிச்சம் போதாமல் இளைத்துக்கொண்டே போகிறது. கிரிப்டோகோரைன் வைக்கலாமா, இல்லை பெரிய இலை அனுபியாஸை மரத்தில் ஏற்றிக் கட்டலாமா? விளக்கைக் கூட்டச் சொல்லாதே, அது மட்டும் முடியாது. மிதக்கும் செடியை எவ்வளவு விடலாம் என்பதையும் சொல். சால்வினியா கொஞ்சம் விட்டிருக்கிறேன். மீன்களுக்கு அதன் நிழல் பிடித்திருக்கிறது, ஆனால் வாரா வாரம் அள்ளிப் போட வேண்டியிருக்கிறது.

கால் முழுக்கத் தேறியதும் கிளம்பி வா. உன்னிடம் இருக்கும் அந்தப் பழைய அனுபியாஸ் இன்னும் உயிரோடு இருந்தால் கிழங்கில் இரண்டு துண்டு வெட்டி, ஈரத் துணியில் சுற்றி எடுத்து வா. நத்தை முட்டை இருக்கிறதா என்று இலைக்கு அடியில் பார்த்துக் கழுவிவிடு. இங்கே வந்ததும் அதையும் கொஞ்ச நாள் தனி வாளியில்தான் வைப்பேன், கோபித்துக்கொள்ளாதே.

அன்புடன்,
ரகு