தேதியை மட்டும் சொல்

தங்கச்சிமடம்

அன்பு மகள் ஸ்டெல்லாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். புதுப் பாலம் வந்ததிலிருந்து ராமேஸ்வரம் ரயில் சத்தம் மறுபடி வீடு வரைக்கும் கேட்கிறது. தடைக்காலம் முடிந்து தம்பி கடலுக்குப் போகிறான். மற்றதை அப்புறம் எழுதுகிறேன்.

மூன்று வாரமாக நீ வீடியோவில் வருவதில்லை. நெட் சரியில்லை என்கிறாய், சரி. மாப்பிள்ளைதான் போன வெள்ளிக்கிழமை கூப்பிட்டார். "அத்தை, உங்களுக்குக் கர்ப்பப்பையை எப்படி எடுத்தார்கள், வயிற்றைத் திறந்தா, சின்னத் துளை போட்டா?" என்று கேட்டார். நண்பர் மனைவிக்காகக் கேட்கிறாராம். துளை போட்டால் புற்று பரவும் என்று யாரோ அவளைப் பயமுறுத்தியிருக்கிறார்களாம். மாமியாரிடம் இதைக் கேட்க அவருக்கு எவ்வளவு சங்கடமாக இருந்திருக்கும்! நல்ல மனுஷன். அந்தப் பெண்ணுக்காகவே எழுதுகிறேன், நீ படித்து அவளுக்குச் சொல்.

முதலில் பயாப்ஸி ரிப்போர்ட்டில் புற்று எந்த இடம் என்று பார்க்கச் சொல். கர்ப்பப்பை வேறு, கர்ப்பப்பை வாய் வேறு. துளை போட்டுச் செய்தவர்களுக்கு நோய் அதிகமாகத் திரும்புகிறது என்று 2018-ல் வந்த ஆராய்ச்சி கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கானது. அதைப் பார்த்துவிட்டு கர்ப்பப்பையின் உள்சவ்வில் வரும் புற்றுக்கும் அப்படித்தான் என்று பலர் குழப்பிக்கொள்கிறார்கள். உள்சவ்வுக்கு வேறு ஆராய்ச்சி இருக்கிறது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஹாங்காங் மூன்றிலும் சேர்த்து ஆரம்ப நிலையில் இருந்த 760 பெண்கள். நாலரை வருஷம் கழித்துப் பார்த்தபோது நோய் திரும்பாமல் இருந்தவர்கள், திறந்து செய்ததில் நூற்றுக்கு 81.3, துளை போட்டதில் 81.6. 2017-ல் வெளியானது. நம் பழைய டாக்டரம்மாவிடம் கேட்டு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அமெரிக்காவில் 2,600 பேருக்கு மேல் வைத்துப் பார்த்ததிலும் ஐந்து வருஷம் கழித்து இரண்டு பக்கமும் உயிரோடு இருந்தவர்கள் ஒரே அளவுதான்.

ஆனால் அங்கே துளை போட ஆரம்பித்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குப் பாதியில் வயிற்றைத் திறக்க வேண்டி வந்தது. உடம்பு பருமனாக இருந்தால் அதற்கு வாய்ப்பு கூடுதல். அப்படித் திறந்தால் பயப்பட வேண்டாம். சரியாகத் தெரியாமல் உள்ளே துழாவுவதைவிடத் திறப்பது நல்லது. கர்ப்பப்பை ரொம்பப் பெரிதாக இருந்தாலும், நோய் வெளியே பரவியிருந்தாலும் டாக்டர் திறக்கத்தான் சொல்வார். இரண்டு கேள்வி கட்டாயம் கேட்கச் சொல். இந்த ஆபரேஷனைத் துளை வழியாக அவர் நிறையச் செய்திருக்கிறாரா? கர்ப்பப்பையை உள்ளேயே துண்டு போடாமல் கீழ்வழியாக முழுசாக எடுப்பாரா? துண்டு போட்டால் புற்று சிதறும். இதை மறக்கக் கூடாது.

எனக்குத் திறந்து செய்ததை நீ பார்த்தாய்தானே. தொப்புளுக்கு மேலிருந்து அடிவரைக்கும் வெட்டு, இருபத்தேழு பின். அடிப்பக்கத்தில் இரண்டு விரல் அளவு பிரிந்து சீழ் வைத்தது. அப்பா தினமும் பஞ்சை நனைத்து ஒட்டிய துணியை எடுப்பார். அவர் கை நடுங்கும், நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இருமல் வந்தால் உயிர் போகும். பாம்பன் மதினிக்கு மதுரையில் துளை போட்டார்கள். மறுநாள் காலையில் தானே பாத்ரூம் போய்விட்டு வந்தாள். வயிற்றைவிடத் தோள்பட்டைதான் வலிக்கிறது என்று அழுதாள். உள்ளே அடைக்கிற காற்றினால் வருவது, இரண்டு மூன்று நாளில் போய்விடும். அந்தப் பெண் அதைக் கண்டு பயந்துவிடக் கூடாது. மதினிக்கும் எனக்கும் உள்ளே எடுத்தது ஒன்றுதான், கர்ப்பப்பை, குழாய், சினைப்பை எல்லாம். இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம்.

ரிப்போர்ட்டில் இடத்தைப் பார்க்கச் சொல். திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று கோபப்படாதே.

ஊரே மெச்சும்படி படித்து வேலைக்குப் போனவள் நீ. உன் பேரைச் சொல்லாமல் எனக்கு ஒரு நாள் போனதில்லை. அப்படிப்பட்டவள் என்னிடம் மட்டும் ஏன் மறைக்க வேண்டும்? இல்லை, உன்னைக் கேட்க எனக்கு வாய் இல்லை. இருபத்திரண்டு வயதில் மூன்று மாதம் நாலு மாதம் வராமல், வந்தால் நிற்காமல் போகிறது என்று அடுப்படியில் நின்று சொன்னாய். கல்யாணம் ஆனால் சரியாகும், மாப்பிள்ளை வீட்டில் வாயைத் திறக்காதே என்றேன். முப்பது வருஷம் மண்டபம் பக்கத்துக் குப்பம் குப்பமாக நடந்து, தீட்டு எப்படிப் போகிறது என்று ஒவ்வொரு பெண்ணையும் கேட்டு எழுதிய நர்ஸ் நான். தீட்டு வருஷக்கணக்கில் தள்ளிப்போனால் உள்சவ்வு தடித்துப்போகும் என்பது தெரிந்தவள். உனக்கு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள், பேச்சு வெளியே போய்விடுமோ என்று பயந்தேன். என் பிள்ளையை ஒரு டாக்டரிடம் கூட்டிப் போகவில்லை. எனக்கு நோய் வந்தபோதும் உன்னைக் காட்டச் சொல்லவில்லை. உனக்கும் இருக்கும் என்று நினைக்கவே மனசு இடம் கொடுக்கவில்லை. என்னை மன்னித்துவிடு தாயி.

பாஸ்போர்ட் புதுப்பித்து வந்துவிட்டது. தம்பியிடம் விசாவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். இருமும்போது வயிற்றோடு அணைத்துப் பிடித்த அந்தச் சின்னத் தலையணையை வெயிலில் காயவைத்து எடுத்து வைத்திருக்கிறேன். துளை போட்டாலும் முதல் வாரம் அது வேண்டும். ஆபரேஷன் தேதியை மட்டும் சொல்.

அம்மா