பியானோவை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஷர்லி ஹார்னைப் பற்றி வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன். ஜாஸ் இசைக்கு ஒரு பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரை முழுக்க அவர் பாடகியாகவே வருகிறார். பியானோவுக்கு ஒரே ஒரு வாக்கியம், அதுவும் அடைப்புக்குறிக்குள்!

வாஷிங்டனில் நான்கு வயதிலேயே பியானோ கற்கத் தொடங்கியவர் அவர். பாட்டு பிறகு வந்ததுதான். பாடினால் பெரிய கரடி பொம்மை தருகிறேன் என்று, பியானோ வாசித்த இடத்தில் ஒரு வாடிக்கையாளர் ஆசை காட்டியதால் பாடினேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். 1963இல் மெர்குரி இசைத்தட்டு நிறுவனத்தார் பியானோவை மற்றவர்களிடம் கொடுத்துவிட்டு அவரை வெறும் பாடகியாக நிறுத்தினார்கள். அது அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழித்து அதே நிலை வேறு வழியில் வந்தது. நீரிழிவால் ஒரு பாதத்தை இழந்தார். அவர் பாடுவது ஆமை வேகத்தில். அடித்த ஸ்வரம் அடுத்த சொல் வரும்வரை காற்றில் நிற்க வேண்டும்; அதை நிறுத்திப் பிடிப்பது காலால் மிதிக்கும் பெடல். ஆகவே 2003இல் வந்த 'மே தி மியூசிக் நெவர் எண்ட்' ஆல்பத்தில் பெரும்பாலும் ஜார்ஜ் மெஸ்டர்ஹாஸி பியானோ வாசிக்கிறார். இரண்டு பாடல்களுக்கு அஹமத் ஜமால்.

அந்த ஆல்பத்தைத் 'தளர்ந்த குரல்' என்று கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார். தளர்ந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆல்பத்தில் கேட்க வேண்டியது குரலை மட்டுமல்ல. தானே வாசித்துப் பாடுகிறவருக்கு அடுத்த சொல் எப்போது வரும் என்பது விரலுக்கே தெரியும். இங்கே இன்னொருவர் காத்திருந்து வாசிக்க வேண்டியிருக்கிறது. பீட்டில்ஸின் 'யெஸ்டர்டே' மூலத்தில் இரண்டு நிமிடப் பாட்டு. இந்த ஆல்பத்தில் இவர் பாடியதை நான் இரவில் கேட்டுக்கொண்டிருந்தபோது, இணையம் போய்விட்டதா என்று மகன் எட்டிப் பார்த்தான். ஜமாலைக் கூப்பிட்டதும் காரணத்தோடுதான். இடைவெளி விட்டு வாசிப்பதற்காக ஜாஸ் ட்ரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸ் கொண்டாடிய கலைஞர் அவர். அதே மைல்ஸ்தான் ஷர்லியின் முதல் ஆல்பத்தைக் கேட்டுவிட்டு 1960இல் அவரை நியூயார்க்குக்கு அழைத்துப் பாடவைத்தார். இந்த முடிச்சைக் கட்டுரை தொடவே இல்லை.

ஒரு பிழையும் இருக்கிறது. பாதம் போனபின் அவர் பியானோவைத் தொடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை. 2004இன் இறுதியில் மீண்டும் வாசிக்கத் தொடங்கினார். மறு ஆண்டு அக்டோபரில் இறந்தார். அந்த ஆண்டு வெளியான 'பட் பியூட்டிஃபுல்' தொகுப்பில் அப்போதைய நேரடிப் பதிவுகள் சில இருக்கின்றன. கட்டுரையாளர் அவற்றைக் கேட்டுவிட்டு ஒரு திருத்தம் வெளியிடுவாரா?

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்