கரைக்கு வந்த கைகளுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

மழையில் உடைந்த நம் கண்மாயின் கரை நின்றுவிட்டது. இன்று காலை ஆறு மணிக்கு மூன்றாவது மடை வரை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். கசிவு இல்லை. உபரித் தண்ணீர் வெளியேறும் கலுங்கில் மட்டும் மறுகால் போகிறது. போக வேண்டிய வழியில் தண்ணீர் போவதைப் பார்ப்பது இவ்வளவு பெரிய விஷயம் என்று போன வாரம் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

நடந்ததை மறுபடி விவரிக்கப் போவதில்லை. இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் அங்கே இடுப்பளவு தண்ணீரில் நின்றவர்கள். மீதிப் பேர் "இப்ப எப்படி இருக்கு?" என்று மணிக்கொரு தரம் போன் போட்டவர்கள். நம் கண்மாய்ப் பாதுகாப்புச் சங்கத்தின் பெயரில் தலைவர்தான் இந்த மடலை எழுதியிருக்க வேண்டும். அவர் தூங்குகிறார். மூன்று நாள் கண் மூடாத மனிதரை எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. பொருளாளருக்குக் கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது. ஆகவே செயலாளரான நான். வலது கையில் நான்கு விரல்களுக்குத் துணி சுற்றியிருக்கிறது. கட்டை விரலை மட்டும் வைத்து போனில் தட்டுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் துணியைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு முன்னால் மற்றவர்களுக்கு.

சாக்கு கேட்டதும் எண்ணிக்கூடப் பார்க்காமல் அள்ளிக் கொடுத்த உப்பளத்துக்காரர்களுக்கு, டீசல் காசு மட்டும் போதும் என்று விடிய விடிய மண் தள்ளிய ஜேசிபி தம்பிக்கு, அண்டா அண்டாவாகக் கஞ்சி காய்ச்சி அனுப்பிய பள்ளிவாசல் பிள்ளைகளுக்கு, கடையைப் பூட்டாமல் சாவியை எங்களிடமே கொடுத்துவிட்டுக் கரைக்கு வந்துவிட்ட டீக்கடை அண்ணனுக்கு, குவைத்திலிருந்தும் தம்மாமிலிருந்தும் ஜிபேயில் பணம் போட்டுவிட்டு "என் பேரை நோட்டீசில் போடாதே" என்ற ஊர்ப் பையன்களுக்கு, எல்லோருக்கும் நன்றி. முதல் இரவு ஓர் அலுவலகத்தின் வாசலில் வெகுநேரம் நின்றோம். உள்ளேயிருந்து யாரும் வெளியே வரவில்லை. அங்கே காவலுக்கு இருந்த பெரியவர் மட்டும் தன் டார்ச் லைட்டை எங்களிடம் கொடுத்து அனுப்பினார். ஐயா, உங்கள் டார்ச் பத்திரமாக இருக்கிறது. புது பேட்டரி போட்டு நேரில் கொண்டுவந்து தருகிறேன்.

மரத்தை எரித்துக் கரியாக்கும் கரிமூட்டம் போடுபவர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். சீமைக் கருவேலத்தை வேரோடு பிடுங்க வேண்டும் என்று நம் சங்கம் எத்தனை மனு எழுதியிருக்கும்? 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்றச் சொன்னபோது ஊரில் மிட்டாய் கொடுத்தவர்கள் நாம். அந்த மரத்தை நம்பிப் பிழைப்பவர்களுக்கு நம்மைப் பிடிக்க எந்தக் காரணமும் இல்லை. இருந்தும் அன்றைக்கு முதலில் கோடரியோடு வந்து நின்றவர்கள் அவர்கள்தான். கண்மாய் உள்வாயில் நாம் சபித்துக்கொண்டிருந்த மரங்களையே வெட்டி, கூர் சீவி, உடைப்பின் இரண்டு பக்கமும் வரிசையாக அடித்து இறக்கினார்கள். அந்த முட்டு இல்லாவிட்டால் மணல் மூட்டைகள் ஒவ்வொன்றாகக் கீழ்வயலுக்குப் போயிருக்கும். போடப் போட இழுத்துக்கொண்டு போனதை நானே பார்த்தேன். முட்டுக்கு நடுவில் பனையோலையும் வைக்கோலும் திணித்து, அதன்மேல் மூட்டை, மூட்டைக்கு மேல் களிமண். இதெல்லாம் எந்தப் பயிற்சி முகாமிலும் நாங்கள் கற்றதில்லை. கரிமூட்டத்துப் பெரியவர் ஒருவர் கை காட்டிச் சொல்லச் சொல்லச் செய்தோம்.

ஆனால் கருவேலம் கருவேலம்தான். முள் யாரையும் சும்மா விடவில்லை. மூன்றாவது நாள் முடிவில் எங்களில் ஒருவருக்கும் மண்வெட்டிக் காம்பைப் பிடிக்கக் கை இல்லை. உள்ளங்கை வெடித்து, விரல் வீங்கி, நகக்கண்ணில் சீழ். உடைப்பு அடைபட்டுவிட்டது, ஆனால் இரண்டாவது அடுக்கு போடவில்லை. இன்னொரு மழை வந்தால் முதல் அடுக்கு தாங்காது என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

நான்காம் நாள் காலையில் மழை வெறித்திருந்தது. கடற்கரைப் பக்கத்திலிருந்து ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. ஆறு பெண்கள் இறங்கினார்கள். பார்த்ததுமே தெரிந்தது, கடற்பாசி எடுக்கப் போகிறவர்கள். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி மூழ்கி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி எடுப்பவர்கள். உப்பில் வெளுத்த முடியும் வெயிலில் கறுத்த முகமும் சொல்லிவிடும். அதில் மூத்தவராக இருந்த ஓர் அக்கா, ஐம்பத்தைந்து வயது இருக்கலாம், கரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மஞ்சள் பையிலிருந்து ஒரு பழைய சேலையை எடுத்துப் பல்லால் கடித்து, நீள நீளமாகக் கிழிக்க ஆரம்பித்தார்.

"கையைக் காட்டு தம்பி" என்றார் என்னிடம்.

எனக்குப் புரியவில்லை. காட்டினேன். ஒவ்வொரு விரலாகப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். ஊசியால் முள் எடுத்தார். பிறகு விரல் நுனியில் ஆரம்பித்துச் சுற்றிக்கொண்டே வந்து, கணுவில் மட்டும் துணியைக் கொஞ்சம் தளர்த்தி, மறுபடி இறுக்கி, அடிவிரலில் முடிச்சுப் போட்டார். "மடக்கிப் பாரு" என்றார். மடங்கியது. வலி இருந்தது, ஆனால் மண்வெட்டி பிடிக்க முடிந்தது.

"கணுவுல இறுக்கிட்டா விரலு மடங்காது. பாறையில பிடிமானம் போயிரும். நாங்க தினம் கட்டுறதுதான இது" என்றார்.

அப்போதுதான் பார்த்தேன், மற்ற ஐந்து பெண்களும் ஆளுக்கொரு சேலையோடு உட்கார்ந்து, நம் ஆட்களின் கைகளை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். கோடரியைத் தவிர எதையும் தொட்டுப் பழகாத முரட்டு ஆட்கள் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். முப்பது பேருக்கு மேல் இருக்கும். ஒரு மணி நேரம் ஆயிற்று. அப்புறம் சாயங்காலத்துக்குள் இரண்டாவது அடுக்கு முடிந்தது.

இவ்வளவுதான் அவர்கள் செய்தது. ஆறு பழைய சேலை. மண் சுமக்கவில்லை, பணம் தரவில்லை. சொல்லப்போனால் டீகூட வேண்டாம் என்றார்கள். ஆனால் அன்றைய நாளின் விலை எனக்கு அப்புறம்தான் உறைத்தது. பாசி எடுக்கும் பாம்பன் சின்னப்பாலத்து லட்சுமி அவர்கள், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருதை 2015இல் வாங்கியபோது செய்தியில் படித்தது ஞாபகம் வந்தது. பாசி அழிந்துவிடக் கூடாது என்று, மாதத்தில் 12 நாள் மட்டும்தான் கடலில் இறங்குவது என அந்தப் பெண்கள் தாங்களாகவே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். வாடைக் காலத்தில் தென்கடல் அமைதியாகக் கிடக்கும். மழையும் வெறித்த அந்தக் காலை கடலுக்குப் போகத் தோதான காலை. அக்காவிடம் கேட்டேன், "இன்னைக்குப் பாசி நாளா?" அவர் ஊசியை முந்தானையில் குத்திக்கொண்டே, "அது கிடக்கு" என்றார்.

இனி எழுதப் போவது சங்கத்தில் சிலருக்குப் பிடிக்காது. பரவாயில்லை.

நான்கு வருடத்துக்கு முந்திய கோடையில், இதே கடற்கரைக் குடியிருப்பிலிருந்து சிலர் நம் கூட்டத்துக்கு வந்தார்கள். அவர்களுக்கு மணலில் தோண்டிய ஊற்றுதான் குடிதண்ணீர். சிரட்டையால் அள்ளி அள்ளிக் குடத்தை நிரப்ப வேண்டும். மழைத் தண்ணீர் அந்த மணலுக்கு அடியில் உப்புத் தண்ணீர் மேல் மெல்லிசாக மிதந்து நிற்கிறது. கொஞ்சம் கூடுதலாக அள்ளினாலும் கீழேயிருந்து உப்பு ஏறிவிடும். அந்த வருடம் ஏறிவிட்டது. நம் கண்மாயிலிருந்து வாரம் இரண்டு லாரி தண்ணீர் எடுக்க அனுமதி கேட்டார்கள். நாம் கூடிப் பேசி, "கண்மாய் நீர் ஆயக்கட்டுக்கும் ஊர்க் கால்நடைக்கும் மட்டும்" என்று தீர்மானம் போட்டோம். அதை எழுதியது நான். நல்ல கையெழுத்து என்று என்னிடம்தான் நோட்டைக் கொடுப்பார்கள்.

ராமநாதபுரம் மாவட்டத்துக் காஞ்சிரங்குளமும் சித்திரங்குடியும் 2022இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. 2025இல் சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் சேர்ந்தன. ஒவ்வொரு முறையும் நம் கண்மாய்க்கு எப்போது என்று ஏங்கினோம். நாரைக்கும் கூழைக்கடாவுக்கும் படம் வரைந்து பலகை வைத்தோம். அதில் எனக்கு வருத்தம் இல்லை, பலகை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குடத்தோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்பிய சங்கமும் இதே சங்கம்தான். கண்மாயைக் காப்பாற்றுவது என்றால் வேலி போடுவது என்று எப்போது நினைக்க ஆரம்பித்தோம், தெரியவில்லை. உண்மையில் நாம் கலுங்கு வழியாகக் கழித்துவிடும் தண்ணீர்தான் ஓடை வழியே அவர்கள் மணலுக்குப் போய்ச் சேருகிறது. கண்மாய் பெருகிய வருடம் அவர்கள் ஊற்றும் இனிக்கும்.

ஆட்டோ ஏறும்போது அக்காவிடம் இதைச் சொல்லிவிட்டேன். "அந்தத் தீர்மானம் எழுதுனது நாந்தாங்க்கா. தண்ணிக்காக வந்தீங்களோன்னு நெனச்சேன்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

"தண்ணிக்குன்னா அன்னைக்கே வந்து சண்டை போட்டிருப்பமே தம்பி. கை கிழிஞ்சு கெடக்குதுன்னு ஆட்டோக்காரப் பய சொன்னான். வெட்டுப்பட்ட விரலோட தண்ணிக்குள்ள நிக்கிறது என்ன வேதனைன்னு எங்களுக்குத் தெரியாதா?"

பெயரைப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். போடவில்லை.

சங்க உறுப்பினர்களே, வரும் பொதுக்கூட்டத்தில் அந்தப் பழைய தீர்மானத்தை ரத்து செய்யச் சொல்லி நானே முன்மொழியப் போகிறேன். புதிதாக இன்னொன்றும் எழுதி வைத்திருக்கிறேன். கலுங்கிலிருந்து கடற்கரை வரைக்கும் போகும் ஓடையை வருடா வருடம் ஆவணி முடிவதற்குள் நம் செலவில் தூர்வார வேண்டும், கோடையில் அவர்கள் லாரிக்கு வழி விட வேண்டும் என்று. எதிர்ப்பவர்கள் எதிர்க்கலாம், ஆனால் கையில் சுற்றிய துணியை அவிழ்த்து வைத்துவிட்டுப் பேசுங்கள்.

அக்கா, உங்களுக்கும் உடன் வந்த ஐந்து பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. சேலை வாங்கித் தந்தால் திட்டுவீர்கள் என்று ஆட்டோத் தம்பி சொல்லிவிட்டான். விரல் ஆறட்டும். அடுத்த ஞாயிறு விட்டு மறு ஞாயிறு உங்கள் ஊற்றில் சரிந்து கிடக்கும் மணலை எடுத்துக் கட்ட இருபது பேர் வருகிறோம். மண்வெட்டி எங்களுடையது. சிரட்டை மட்டும் நீங்கள் கொடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்,
கண்மாய்ப் பாதுகாப்புச் சங்கம்