நீண்டதூர சைக்கிளோட்டத்தில் வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் நீண்டதூரம் சைக்கிள் ஓட்ட விரும்புவோருக்கு இன்று பாதைகளுக்குக் குறைவில்லை. தீவைச் சுற்றி அமையவிருக்கும் 150 கிலோமீட்டர் பாதையில் கிழக்குப் பகுதியைச் சேர்ந்த 75 கிலோமீட்டர் 2021ஆம் ஆண்டின் இறுதியில் திறக்கப்பட்டது. ஒரு காலத்தில் மலாயா ரயில் ஓடிய தடமும் தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நோக்கி 24 கிலோமீட்டர் நீளும் பசுமைப் பாதையாக மாறியுள்ளது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலிருந்து சாங்கி நோக்கிச் செல்லும் கூட்டத்தில் தமிழ்க் குரல்களை இப்போது அடிக்கடி கேட்க முடிகிறது. ஆனால், ஆர்வத்துடன் தொடங்குகிறவர்களில் பலர் சில மாதங்களுக்குள் விட்டுவிடுகிறார்கள். சைக்கிள் வீட்டு வாசலில் தூசி படிந்து நிற்கிறது. காரணம் கேட்டால் உட்கார முடியவில்லை, கை மரத்துப்போகிறது, முட்டி வலிக்கிறது என்று சொல்லி, கடைசியில் "வயதாகிவிட்டது" என்று முடிக்கிறார்கள். இந்த முடிவு பெரும்பாலும் தவறானது என்பதைச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன். நீண்ட பயணத்தில் வரும் வலிகளில் பெரும்பகுதி, சைக்கிள் அந்த உடலுக்கு ஏற்ப அமைக்கப்படாததால் வருவது. அதை மன உறுதியால் வெல்ல முயல்வதைவிட, காரணத்தைக் கண்டு திருத்துவதே முறை.

நமது தீவின் நில அமைப்பையும் இங்கே கணக்கில் கொள்ள வேண்டும். மலைப்பாங்கான ஊர்களில் ஏற்றம் வரும்போது ஓட்டுபவர் இருக்கையை விட்டு எழுந்து மிதிக்கிறார், இறக்கத்தில் மிதிப்பதையே நிறுத்திவிடுகிறார். உடல் தானாகவே நிலை மாறிக்கொள்கிறது. விமான நிலையத்தை ஒட்டிச் செல்லும் சாங்கி கடலோரப் பாதையிலோ வளைவும் இல்லை, ஏற்ற இறக்கமும் இல்லை. அங்கே ஒருவர் நெடுநேரம் ஒரே நிலையில் அமர்ந்து, ஒரே இடத்தில் கைகளை ஊன்றி மிதித்துக்கொண்டே போகிறார். உடம்பின் முழுப் பாரமும் அதே சில அங்குலப் பரப்பில் இறங்குகிறது. தட்டையான பாதைதானே, சுலபமாக இருக்கும் என்று நினைத்துப் போகிறவர்களுக்கு அதனாலேயே வலி வருகிறது. மேடு பள்ளங்கள் செய்யும் வேலையை இங்கே நாமே நினைவு வைத்துச் செய்ய வேண்டும்: பத்து, பதினைந்து நிமிடங்களுக்கு ஒருமுறை சில நொடிகள் பெடல்மீது எழுந்து நிற்பது, கைகளின் பிடியை மாற்றுவது, போக்குவரத்து விளக்கில் நிற்கும்போது இருக்கையை விட்டு முழுவதுமாக இறங்குவது.

இருக்கையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியுள்ளது. நீண்டதூர ஓட்டத்தை விட்டவர்களில் பலர் முதலில் சொல்வது இதைத்தான். உட்கார்ந்தால் வலிக்கிறது என்றதும் கடைக்குச் சென்று அகலமான, மெத்தென்ற இருக்கையையோ ஜெல் உறையையோ வாங்கி மாட்டுவது வழக்கம். அரை மணி நேரம் அது இதமாகவே இருக்கும். இரண்டு மணி நேரப் பயணத்தில் நிலைமை மாறுகிறது. நாம் அமரும்போது எடையைத் தாங்குவதற்கென்றே இடுப்பெலும்பின் அடியில் இரண்டு எலும்பு முனைகள் உள்ளன. மிக மென்மையான இருக்கையில் அந்த முனைகள் அமிழ்ந்துவிட, இடையிலுள்ள மெத்தென்ற திசுக்களும் நரம்புகளும் இரத்தக் குழாய்களும் அழுத்தத்தை ஏற்கின்றன. ஆகவே, அந்த இரு முனைகளையும் சரியாகத் தாங்கும் அகலமும் ஓரளவு உறுதியும் கொண்ட இருக்கையே நீண்ட பயணத்துக்கு ஏற்றது. அந்த முனைகளுக்கு இடைப்பட்ட தூரம் ஆளுக்கு ஆள் வேறுபடும்; பெண்களுக்குச் சராசரியாகச் சற்று அதிகம். கணவரின் சைக்கிளை எடுத்து ஓட்டிப் பார்த்துவிட்டு, இது நமக்கு ஒத்துவராது என்று ஒதுங்கிவிடும் சகோதரிகள் இதைக் கட்டாயம் அறிந்துகொள்ள வேண்டும்.

அடுத்து உடை. சைக்கிள் ஓட்டுவதற்கென்று அடியில் திண்டு வைத்துத் தைத்த கால்சட்டையை உள்ளாடையின்றி அணிய வேண்டும் என்பதைக் கூச்சத்தால் யாரும் யாருக்கும் சொல்வதில்லை. உள்ளாடையின் தையல் விளிம்பு வியர்வையில் ஊறித் தொடை இடுக்கில் ஆயிரக்கணக்கான முறை உராயும்போது தோல் சிவந்து, தேய்ந்து, புண்ணாகிறது. நமது காற்றின் ஈரப்பதத்தில் இது இன்னும் விரைவாக நடக்கும். புறப்படும் முன் அந்த இடத்தில் உராய்வைக் குறைக்கும் களிம்பைத் தடவிக்கொள்வது நல்ல பலன் தரும். பயணம் முடிந்ததும் ஈர உடையோடு உணவங்காடி நிலையத்தில் தோசையும் தேநீருமாக ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் பழக்கத்தை நண்பர்கள் கைவிட வேண்டும். மாற்று உடை ஒன்றைப் பையில் வைத்துக்கொள்வது பெரிய காரியமில்லை. அந்தக் கால்சட்டையை ஒவ்வொரு முறையும் துவைத்தே அணிய வேண்டும். கட்டி வந்துவிட்டால் அதைப் பிதுக்காமல், ஆறும்வரை ஓட்டாமல் இருப்பதே சரி. காய்ச்சலோ சிவப்புப் பரவலோ தெரிந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

வலியைவிட அதிகம் கவலைப்பட வேண்டியது மரத்துப்போதல். பிறப்புறுப்புப் பகுதி உணர்விழப்பதைப் பல ஆண்கள் நண்பர்களிடம்கூடச் சொல்வதில்லை. பெண்களும் அப்பகுதியில் வரும் வீக்கத்தையும் எரிச்சலையும் மறைத்துக்கொள்கிறார்கள். அப்பகுதிக்குச் செல்லும் புடெண்டல் நரம்பும் இரத்தக் குழாய்களும் நசுக்கப்படுவதால் வரும் அறிகுறி அது. உணர்வு குறைவதாகத் தோன்றிய உடனே எழுந்து நிற்க வேண்டும். இருக்கையின் முன்முனை மேல்நோக்கி இருந்தால் அதைக் கிடைமட்டமாக்க வேண்டும். நடுவில் பள்ளமோ திறப்போ உள்ள இருக்கைகள் சிலருக்கு உதவுகின்றன. பயணம் முடிந்து சில மணி நேரமாகியும் உணர்வு திரும்பவில்லை என்றாலோ, அடிக்கடி இப்படி ஆனாலோ வெட்கப்படாமல் பலதுறை மருந்தகத்தில் சொல்லுங்கள்.

ஒரு வலியைத் தீர்க்கச் செய்வது இன்னொரு வலியைக் கொண்டுவரலாம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அழுத்தம் குறையட்டும் என்று சிலர் இருக்கையின் முன்முனையை மிகவும் கீழே சாய்த்துவிடுகிறார்கள். அப்போது உடல் முன்னோக்கி வழுக்க, அதைத் தடுக்கக் கைகள் ஓயாமல் ஊன்றி நிற்கின்றன. ஒரு மணி நேரத்தில் சுண்டுவிரலும் மோதிரவிரலின் ஒரு பக்கமும் மரத்துப்போகின்றன. உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க அடிப்பகுதி வழியாகச் செல்லும் அல்னார் நரம்பு கைப்பிடியில் அழுந்துவதே இதற்குக் காரணம். கையுறை ஓரளவு உதவும் என்றாலும், கைகளில் இறங்கும் எடையைக் குறைப்பதுதான் முறையான தீர்வு. இருக்கையைச் சமப்படுத்துவது, கைப்பிடியைச் சற்று உயர்த்துவது அல்லது அருகில் கொண்டுவருவது, முழங்கையை விறைப்பாக நீட்டாமல் லேசாக மடக்கி வைப்பது ஆகியவை பலன் தரும். கைப்பிடி எட்டாத தூரத்தில் இருந்தால் கழுத்தும் தோளும் இடுப்பும்கூட வலிக்கும். கழுத்து இறுகிப்போனவரால் பின்னால் வரும் லாரியைத் திரும்பிப் பார்க்க முடியாது என்பதால், சாலையில் ஓட்டுவோருக்கு இது பாதுகாப்புப் பிரச்சினையும் ஆகும். நாம் அதிகம் பயன்படுத்தும் மடக்கு சைக்கிள்களில் பலவற்றில் ஒற்றை நேர்க் கைப்பிடியே இருப்பதால் பிடியை மாற்ற வழி குறைவு. முனைகளில் சிறு கொம்புகளைப் பொருத்திக்கொண்டால் இரண்டாவது பிடி கிடைக்கும்.

முழங்கால் வலிக்கு மூட்டுத் தேய்மானத்தைக் குறை சொல்லும் முன் இருக்கையின் உயரத்தைப் பாருங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு இருக்கையில் அமர்ந்து, பெடலின் மிகக் கீழான நிலையில் குதிகாலை வைத்தால், இடுப்பு ஒரு பக்கம் சாயாமல் கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். கீழ்நிலையில் சுமார் 25 முதல் 35 டிகிரி மடக்கு பொருத்தமானது. முட்டியின் முன்பக்கம் வலித்தால் இருக்கை தாழ்வாக இருக்கலாம், அல்லது கனமான கியரில் அழுத்தி மிதிக்கிறீர்கள் என்று பொருள். பின்பக்கம் வலித்தால் இருக்கை மிக உயரமாக இருக்க வாய்ப்புண்டு. உயரத்தை மாற்றும்போது ஒரே நாளில் அங்குலக் கணக்கில் மாற்றாமல் சில மில்லிமீட்டர்களாக மாற்றி, சில நாள் ஓட்டிப் பார்க்க வேண்டும். இருக்கைக் கம்பியில் பொறிக்கப்பட்டுள்ள எல்லைக் கோட்டுக்கு மேல் அதை ஒருபோதும் உயர்த்தக் கூடாது. இளைஞர்கள் மவுண்ட் ஃபேபர் ஏற்றத்தில் பெரிய கியரில் பல்லைக் கடித்துக்கொண்டு மிதிப்பதைப் பார்க்கிறேன். எளிதான கியரில் நிமிடத்துக்கு 80, 90 சுற்றுகள் மிதிக்கப் பழகினால் மூட்டின்மீது விழும் சுமை வெகுவாகக் குறையும்.

பாதம் எரிந்தால் காலணியைத் தளர்த்துங்கள். வெப்பத்தில் பாதம் வீங்குவது இயல்பு.

வெப்பத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரில் சைக்கிளோட்டத்தைப் பேச முடியாது. காற்றில் ஈரப்பதம் மிகுந்திருப்பதால் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை, உடல் குளிர்வதும் இல்லை. ஓட்டும்போது முகத்தில் படும் காற்று இதை மறைத்துவிடுகிறது. நின்ற பிறகுதான் தலை சுற்றுவது தெரியவரும். 2023ஆம் ஆண்டு ஜூலையிலிருந்து வெப்பநிலை, ஈரப்பதம், காற்று, வெயில் ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிட்ட வெப்ப அழுத்த நிலவரம் அரசாங்கத்தின் மைஎன்வி கைப்பேசிச் செயலியில் கிடைக்கிறது. அந்த அளவு 33 டிகிரியை எட்டினால் அது உயர்நிலை. அன்று நீண்ட பயணத்தைத் தள்ளிப்போடலாம். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் சிறிது சிறிதாகப் பருக வேண்டும். ஆனால், பல மணி நேரம் வியர்த்துவிட்டு வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து. இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் வரலாம். உப்பும் சர்க்கரையும் கலந்த பானமோ சிறிது உணவோ இடையில் தேவை.

இந்த நாட்டில் இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம் என்பதால் இன்னொன்றையும் வலியுறுத்துகிறேன். இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு நீண்ட ஓட்டத்தில் சர்க்கரை அளவு திடீரென இறங்கலாம். அப்போது வரும் வியர்வையும் நடுக்கமும் களைப்பைப் போலவே இருப்பதால் உடன் வருபவர்களும் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். மருத்துவரிடம் முன்கூட்டியே பேசுவது, இனிப்பைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பது, உடன் வருபவரிடம் தமது நிலையைச் சொல்லிவைப்பது ஆகிய மூன்றும் அவசியம். நெஞ்சில் அழுத்தம், மூச்சுத்திணறல், நினைவுத் தடுமாற்றம் ஆகியவற்றை அசௌகரியம் என்று எண்ணிப் பொறுத்திருக்கக் கூடாது. உடனே நிறுத்தி 995 எண்ணை அழைக்க வேண்டும்.

குழுவாகச் செல்வோரிடம் ஒரு வேண்டுகோள். வலிக்கிறது என்று பின்தங்குபவரைக் கேலி செய்யாதீர்கள். "பழகப் பழகச் சரியாகிவிடும்" என்று தட்டிக்கழிக்கவும் வேண்டாம். தோல் ஓரளவு பழகும், தசை வலுப்பெறும். நசுங்கும் நரம்பு பழகிக்கொள்ளாது. புதிதாக வருபவரின் இருக்கை உயரத்தைப் புறப்படும் முன் ஒருவர் பார்த்துக் கொடுத்தால், இருக்கையின் திருகைத் தளர்த்தும் ஓர் ஆலன் கீயும் ஐந்து நிமிடமும் போதும்.

வாரயிறுதியில் உல்லாசத்துக்காக ஓட்டுகிறவர்களைவிட இந்தச் செய்தி அதிகம் தேவைப்படுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். விடுதிக்கும் வேலையிடத்துக்கும் இடையே பழைய சைக்கிளில் போய்வரும் தமிழ்நாட்டு ஊழியர்களில் பலர், முழங்கால் வெகுவாக மடங்கும் அளவுக்குத் தாழ்ந்த இருக்கையில், கனமான பாதுகாப்புக் காலணியோடு, நாள் முழுவதும் உழைத்த களைப்பில் மிதித்துச் செல்வதைக் காண்கிறேன். அந்த வலியை வேலையால் வந்தது என்றே அவர்கள் நினைக்கக்கூடும். இருக்கையை உயர்த்துவதற்குச் செலவே இல்லை. இருக்கை உயரத்தைச் சரிபார்க்கும் முறையையும் வெப்பச் சோர்வின் அறிகுறிகளையும் எளிய தமிழில், படங்களுடன் அரைப் பக்கத்தில் உங்கள் நாளிதழ் வெளியிடுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். வெட்டியெடுத்து விடுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டும்படி அது அமைந்தால் மிகவும் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாசிர் ரிஸ்