அந்த ஒட்டகம் எலும்புதான் தின்றது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் சங்கப் பாட்டுகளில் வரும் விலங்குகளைப் பற்றிய கட்டுரை படித்தேன். யானை, வரையாடு பற்றிய பகுதிகளை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். ஒட்டகத்திடம் வந்ததும் கட்டுரையாளர் சறுக்கிவிட்டார். அகநானூறு 245-ஆம் பாட்டில், காட்டு வழியில் உலர்ந்து கிடக்கும் வெள்ளெலும்பு ஒட்டகத்தின் பசியைத் தீர்ப்பதாக வருகிறது. இலை தழை மேய்கிற பிராணி எலும்பு தின்னுமா, புலவர் ஒட்டகத்தைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். எனக்கு இலக்கணம் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் பாலக்காட்டின் கிழக்கோரத்தில் முப்பது வருஷம் மிருகாஸ்பத்திரியில் வேலை பார்த்தவன். ஒட்டகம் எலும்பு தின்றதை நேரில் பார்த்திருக்கிறேன்.

2004 பங்குனி. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வருஷக்கணக்காக மழை பொய்த்துப்போன சமயம். பனையைத் தவிர வேறு பச்சை கிடையாது. வடக்கேயிருந்து வந்த ஒருவர், திருவிழாக்களில் பிள்ளைகளை ஏற்றிச் சவாரி விடுவதற்காக ஒட்டகம் ஒன்று வைத்திருந்தார். வேலந்தாவளம் ரோட்டோரம் புளியமரத்தடியில் கட்டியிருந்தார். "சாரே, ஒட்டகத்துக்குப் பேய் பிடிச்சிருச்சு, எலும்பைக் கடிக்குது" என்று ஒரு பையன் ஓடிவந்தான். போய்ப் பார்த்தால், என்றைக்கோ செத்த மாட்டின் விலா எலும்பு அதன் வாயில் குறுக்கே கிடக்கிறது. தலையை வானத்துக்குத் தூக்கி, எலும்பைக் கடைவாய்க்குத் தள்ளித் தள்ளி, கீழ்த்தாடையைப் பக்கவாட்டில் ஆட்டி அரைக்கிறது. கரும்பை நொறுக்குகிற மாதிரிச் சத்தம். கடைவாயில் நுரை. காலடியில் வெட்டிப்போட்ட வேலங்கிளை அப்படியே கிடந்தது, தொடவே இல்லை.

எங்கள் தொழிலில் இது அதிசயமே இல்லை. மேய்ச்சல் காய்ந்து சருகாகும்போது அதிலுள்ள பாஸ்பரஸ் குறைந்துவிடும். வயிறு நிறைய மேய்ந்தாலும் உடம்பு கேட்கிற சத்து கிடைக்காது. அப்போது மாடு மண்ணை நக்கும், துணியை மெல்லும், எலும்பைத் தேடிப் போகும். ஒட்டகமும் அப்படித்தான். ஒட்டகச்சிவிங்கி எலும்பு சப்புவதையும் மான் உதிர்ந்த கொம்பைக் கடிப்பதையும் பலர் பார்த்து எழுதியிருக்கிறார்கள். எலும்பில் கால்சியமும் பாஸ்பரஸும்தானே நிறைய இருக்கிறது! நாங்கள் மாட்டுக்குத் தாது உப்பு கொடுப்பதும் இதற்காகத்தான்.

மற்ற கால்நடைகளைவிட ஒட்டகத்துக்கு இதில் வசதி அதிகம். மாட்டின் மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது, கோரைப்பல்லும் கிடையாது. ஒட்டகத்துக்கு மேலும் கீழும் கோரைப்பல் உண்டு. ஆண் ஒட்டகத்திடம் கடிபட்டவர்களைக் கேட்டால் தெரியும். அசைபோடுவதால் அதையும் மாட்டோடு சேர்த்துப் பேசுகிறோம். ஆனால் மாட்டுக்கு இரைப்பை நான்கு அறை, ஒட்டகத்துக்கு மூன்றுதான். குளம்பூன்றியும் அது நடப்பதில்லை, மெத்தென்ற பாதத்தை விரித்து வைத்து நடக்கும். மாட்டு வம்சத்திலிருந்து கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே தனியாகப் பிரிந்துபோன வம்சம் அது.

'பாலைவனத்திலேயே பிறந்த பிராணி' என்று கட்டுரையில் இன்னொரு வரி. அதுவும் சரியில்லை. ஒட்டகக் குடும்பம் தோன்றியது வட அமெரிக்காவில், 4 கோடி ஆண்டுகளுக்கு முன். அதில் ஒரு கிளை தெற்கே இறங்கி லாமா, அல்பாக்காவாகியது. இன்னொன்று, அன்று அமெரிக்காவையும் ஆசியாவையும் இணைத்திருந்த பெரிங் நிலப்பாலம் வழியாக ஆசியாவுக்கு வந்தது. கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவில் கிடைத்த கால் எலும்புச் சில்லுகள் ஒட்டக இனத்தினுடையவை என்று, அவற்றில் மிஞ்சியிருந்த கொலாஜன் என்ற எலும்புப் புரதத்தை வைத்து 2013-ல் கண்டுசொன்னார்கள். வயது சுமார் 35 லட்சம் ஆண்டு. அன்று அங்கே காடு, குளிர்காலத்தில் பனி. திமிலில் கொழுப்பைச் சேர்த்து வைப்பதும் அகன்ற பாதமும் முதலில் அந்தக் குளிருக்கே உதவியிருக்கலாம் என்பது அந்த ஆய்வாளர்களின் எண்ணம். அவ்வளவு தூரம் ஏன், நம் சிவாலிக் மலையில் கிடைத்த ஒட்டகப் புதைபடிவத்தை 1836-லேயே விவரித்திருக்கிறார்கள்.

பாட்டுக்கு வருகிறேன். 'அல்குபசி' என்கிறார் புலவர். அல்குதல் என்றால் தங்குதல். தங்கிவிட்ட பசி, தழை தின்றும் போகாத பசி. நான் அந்தப் புளியமரத்தடியில் கண்டது இதைத்தான். அதுவும் பாலைத்திணைப் பாட்டு. எல்லாம் கருகிக் கிடக்கிற இடத்தில்தான் எலும்பு ஆசையும் வரும். சிறுபாணாற்றுப்படையில், அலை ஒதுக்கிய அகிற்கட்டை படுத்துறங்கும் ஒட்டகம்போலக் கிடந்ததாக வருகிறது. கால்களை மடக்கி, நெஞ்சடியில் உள்ள காய்ப்பை ஊன்றி அது படுப்பதைப் பார்க்காதவருக்கு அந்த உவமை எங்கிருந்து வரும்?

எலும்பு தின்பது நல்லது என்று நான் சொல்லவில்லை. தென்னாப்பிரிக்காவில் பாஸ்பரஸ் குறைந்த புல்லை மேய்ந்த மாடுகள் செத்த பிராணிகளின் எலும்பைக் கடித்து, அதில் ஊறிய பாட்டுலிச நஞ்சால் (அழுகும் உடலில் ஒருவகைக் கிருமி உண்டாக்கும் நஞ்சு) கால் செயலிழந்து செத்தன. 1920-ஐ ஒட்டி அர்னால்ட் தெய்லர் என்ற கால்நடை மருத்துவ ஆய்வாளர் இதைக் கண்டறிந்தார். சுத்தமான எலும்புத்தூளைக் கொடுத்ததும் மாடுகளுக்கு அந்த ஆசை அடங்கிவிட்டது.

நானும் ஆஸ்பத்திரியிலிருந்து தாது உப்பு ஒரு பொட்டலம் எடுத்துப்போனேன். ஒட்டகம் முகர்ந்து பார்த்துவிட்டு என் சட்டைமேல் தும்மியது. கடலைப்புண்ணாக்கும் வெல்லமும் சேர்த்துப் பிசைந்து வைத்த பிறகுதான் வாய் வைத்தது. மறுநாள் விடியுமுன் ஒட்டகக்காரர் பொள்ளாச்சிப் பக்கம் கிளம்பிவிட்டார்.

கட்டுரை புத்தகமாக வரும்போதாவது அந்த வரியை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை ஊழியர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்