எஞ்சின் ஆயில் கசிவு: தேவையில்லாத சீல் வேலைக்கு வாங்கிய பணம் குறித்துப் புகார்

சாட்ஸ்வர்த், டர்பன்

பெறுநர்: மேலாளர், கார் ஒர்க்‌ஷாப்

வண்டி: 1998 டொயோட்டா கொரோலா 160ஐ, 4ஏ-எஃப்இ எஞ்சின், மேனுவல் கியர்

ஐயா,

வணக்கம். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் சொட்டுகிறது என்று சொல்லி இந்தக் காரை உங்களிடம் விட்டேன். பின்பக்கக் கிராங்க் சீல் (கிராங்க்ஷாஃப்டின் பின்முனையில் ஆயிலைத் தடுக்கும் வளையம்) போய்விட்டது என்று முடிவுகட்டி, கியர்பாக்ஸை இறக்கி, சீல் மாற்றி, 6,850 ராண்டுக்குப் பில் போட்டீர்கள். வண்டி வீடு வந்த மறுவாரமே அதே இடத்தில் அதே சொட்டு. அந்த சீல் முதலிலிருந்தே கசியவில்லை என்பதுதான் என் புகார்.

இதற்குச் சாட்சி உங்கள் பில்லிலேயே இருக்கிறது. 'கிளட்ச் தட்டு காய்ந்திருக்கிறது, மாற்றத் தேவையில்லை' என்று உங்கள் மெக்கானிக் கைப்பட எழுதியிருக்கிறார். வேலை நடக்கும்போது வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய படத்தில், கிளட்ச்சை மூடியிருக்கும் கூடான பெல் ஹவுசிங்கின் உட்புறம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் கிளட்ச் தூசி, பொடியாகவே இருக்கிறது. பின் சீல் கசிந்தால் முதலில் நனைவது கிராங்கோடு சுழலும் கனச் சக்கரமான ஃப்ளைவீலின் எஞ்சின் பக்கம். சுழற்சியில் ஆயில் சிதறி ஹவுசிங் சுவரில் ஒட்டும், தூசி அதில் குழைந்து கருப்புச் சேறாகும். சின்னக் கசிவு கிளட்ச் தட்டுவரை போகாமல் இருக்கலாம், அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஹவுசிங்கின் உள்ளே பொடி பறக்க, வெளியே மட்டும் ஆயில் வழிகிறது என்றால் அது மேலேயிருந்து இறங்குகிறது என்பது கியர்பாக்ஸை இறக்கிய பிறகாவது தெரிந்திருக்க வேண்டும்.

இந்த எஞ்சினைத் தெரிந்தவர்கள் முதலில் பார்க்கும் இடம், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர். சிலிண்டர் ஹெட்டின் கியர்பாக்ஸ் பக்க முனையில் அது செருகியிருக்கிறது. கேம்ஷாஃப்ட் நேரடியாகச் சுழற்றுவதால் உள்ளே எப்போதும் ஆயில் இருக்கும். அதை வெளியே விடாமல் தடுப்பது ஒரு ரப்பர் ஓ-ரிங். இத்தனை வருடச் சூட்டில் அது இறுகி, தட்டையாகி, பிடிப்பை விட்டுவிடும். அங்கே கசியும் ஆயில் நேராக பெல் ஹவுசிங்கின் தலையில் விழுந்து, பக்கவாட்டில் ஓடி, அடியில் சொட்டும். கீழே படுத்து மட்டும் பார்ப்பவருக்கு அது பின் சீல் கசிவாகவே தெரியும்.

எஞ்சினை டிகிரீசர் போட்டுக் கழுவிக் காயவைத்து, ஆயிலில் யூவி விளக்கில் ஒளிரும் சாயம் கலந்து, பைன்டவுனிலிருந்து ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில் ஓட்டிவிட்டு விளக்கடித்துப் பார்த்தேன். டிஸ்ட்ரிபியூட்டரின் அடிவிளிம்பில் பச்சைமஞ்சளாக ஒரு கோடு தொடங்கி, ஹவுசிங் போல்ட் ஒன்றின் தலையில் தேங்கி, அங்கிருந்து கீழே இறங்குகிறது. ஹவுசிங்கின் அடி இணைப்புக்குள்ளிருந்து எதுவும் வரவில்லை. சாயம் கையில் இல்லாவிட்டால் கழுவிய இடத்தில் டால்கம் பவுடர் தூவி ஓட்டினாலும் போதும், ஆயில் எங்கே ஆரம்பிக்கிறதோ அங்கே பவுடர் முதலில் நனையும். கியர்பாக்ஸைத் தொடும் முன் செய்யவேண்டிய சோதனை இது.

இன்னொன்று, சிலிண்டர் ஹெட்டின் மேல்மூடியான டாப்பெட் கவர். கேஸ்கெட் மாற்றியதாகப் பில்லில் இருக்கிறது. கவரைச் சுற்றிலும் சிவப்பு சிலிக்கான் பிதுங்கி நிற்கிறது. இது ரப்பர் கேஸ்கெட். சிலிக்கான் தேவைப்படுவது கேம் பேரிங் மூடி ஹெட்டோடு சேரும் மூலைகளில் மட்டும், அதுவும் ஒரு பொட்டு. வெளியே பிதுங்கிய அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும். அந்தத் துணுக்குகள் பிய்ந்து எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பில் விழுந்து ஆயில் பம்பின் வடிகட்டியை அடைத்தால், பிரச்சினை கசிவோடு நிற்காது, பேரிங்குகளே போய்விடும். கவரைப் பிடிக்கும் மூன்று நட்டுகளையும் பலம்கொண்ட மட்டும் இறுக்கியிருக்கிறார்கள். அவற்றுக்கு 10 நியூட்டன் மீட்டர்கூடத் தேவையில்லை. மிஞ்சினால் ரப்பர் நசுங்கி ஓரம் தூக்கிக்கொள்ளும்.

பிசிவி வால்வை (கிராங்க் பெட்டியின் வாயுவை வெளியேற்றும் வால்வு) யாரும் தொட்டதாகத் தெரியவில்லை. கழற்றிக் குலுக்கினேன், சத்தமே இல்லை. உள்ளே ஆயில் பிசின் கட்டிக்கிடக்கிறது. அது அடைத்திருந்தால் கிராங்க் பெட்டியில் அழுத்தம் ஏறி, பலவீனமான ரப்பர் எங்கிருக்கிறதோ அங்கே ஆயிலைத் தள்ளும். போதாக்குறைக்கு 4 லிட்டர் ஆயில் ஊற்றியதாகப் பில். இந்த எஞ்சின் ஃபில்டரோடு சேர்த்தும் அவ்வளவு கொள்ளாது, டிப்ஸ்டிக்கில் மேல்கோட்டைத் தாண்டி நின்றது. மிகுதியை நானே வடித்தேன்.

தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 54ஆம் பிரிவுப்படி, வேலை தரமாக இல்லையென்றால் குறையைச் சரிசெய்து தரும்படியோ, கட்டணத்தில் நியாயமான பங்கைத் திருப்பித் தரும்படியோ கேட்க எனக்கு உரிமை உண்டு. கழற்றிய பாகங்களைத் தனியாக எடுத்துவைத்து வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கச் சொல்வது 67ஆம் பிரிவு. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பழைய சீல் இன்னும் கைக்கு வரவில்லை.

நான் கேட்பது: பின் சீலுக்கும் கியர்பாக்ஸ் இறக்கிய கூலிக்கும் வாங்கிய பணத்தைத் திருப்பித் தாருங்கள். டாப்பெட் கவரைக் கழற்றி, சிலிக்கானைச் சுரண்டி, புதுக் கேஸ்கெட் போட்டு, பிசிவி வால்வையும் மாற்றுங்கள். பிதுங்கல் உள்ளே விழுந்திருந்தால் சம்ப்பையும் இறக்கிப் பார்க்க வேண்டும், அந்தச் செலவு உங்களுடையது. டிஸ்ட்ரிபியூட்டர் ஓ-ரிங்குக்கு நான் பணம் தருகிறேன், அது உண்மையிலேயே போன பாகம். ஆனால் கழற்றும் முன் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் ஹெட்டுக்கும் குறுக்கே பெயின்ட்டில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். மாட்டிய பிறகு சோதனை இணைப்பிலுள்ள டிஇ1, இ1 முனைகள் இரண்டையும் இணைத்து, டைமிங் லைட்டில் 10 டிகிரி பிடிடிசி (பிஸ்டன் உச்சியை எட்டும் முன்) நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பத்து வேலை நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் பில், படங்கள் எல்லாவற்றையும் மோட்டார் தொழில்துறைக் குறைதீர்ப்பாளரிடம் அனுப்புவேன். சாயம் இன்னும் ஆயிலில் இருக்கிறது. வண்டியைக் கழுவாமல் கொண்டுவருகிறேன், உங்கள் மெக்கானிக்கே விளக்கடித்துப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
வண்டியின் உரிமையாளர்